கம்பி எந்தத் தெருவோடு நிற்கிறது

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் அம்மா இருக்கும் வீட்டில் போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை இணையம் நின்றுபோனது. பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கியவர்கள் சுவரெல்லாம் இடித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் நடைபாதையின் மேல் ஓரமாக ஓடும் பிளாஸ்டிக் குழாயைப் பெயர்த்தபோது உள்ளே இருந்த கண்ணாடியிழைக் கம்பியும் சேர்ந்து அறுந்துவிட்டது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பெட்டியில் எப்போதும் பச்சையாக எரியும் விளக்கு சிவப்பாக மின்னுகிறது, திருச்சியில் இருக்கும் சித்தியை வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

நான் மாதாமாதம் பணம் கட்டும் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டோம். மறுநாள் வேறொருவர் பேசினார், அவரும் அணைத்துப் போடச் சொன்னார். கம்பி அறுந்து நடைபாதையில் தொங்குகிறது, படம் எடுத்து அனுப்புகிறேன் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் படத்தை வாங்கிக்கொள்ள அவர்களிடம் வழியே இல்லை. இப்படியே ஐந்து நாள் போனது. ஆறாவது நாள் ஒரு தம்பி வந்தார். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர், எங்கள் வீட்டு வாசலில் சாமி படத்தைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பியின் மேல்தோலை உரித்து, உள்ளே தலைமுடி மாதிரி இருந்த கண்ணாடி நூலை ஆல்கஹால் நனைத்த காகிதத்தால் துடைத்தார். 125 மைக்ரான்தான் அதன் தடிமன், அதற்குள்ளும் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். சின்னக் கருவி ஒன்றில் வைத்து முனையை நேராக வெட்டினார். வெட்டி விழுந்த துண்டு என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, அவர் அதைத் தேடி ஒட்டுநாடாவில் ஒட்டியெடுத்து ஒரு டப்பாவில் போட்டார். "கால்ல ஏறிச்சுன்னா எடுக்கவே முடியாதுக்கா, வயசானவங்க நடக்குற வீடு." அப்புறம் இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் எதிரெதிராக வைத்தார். அதன் சின்னத் திரையில் அவை இரண்டு தூண்கள் போலப் பெரிதாகத் தெரிந்தன, மெதுவாக நெருங்கின, ஒரு கணம் வெள்ளையாக மின்னியது, அதன்பின் ஒரே தூண்தான். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அம்மா கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கம்பி ஒருத்தரோடது, அதுல வெளிச்சத்த ஓட விடுறது இன்னொருத்தர், உங்களுக்கு பில்லு போடுறது மூணாவது ஆளு. யார்கிட்ட கேக்கணும்னு உங்களுக்கும் தெரியாது, சில நேரம் எங்களுக்கும் தெரியாதுக்கா."

இணையக் கம்பி யார் சொத்தாக இருக்க வேண்டும் என்ற விவாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருபது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. நகராட்சியோ கூட்டுறவோ ஊர்மக்களோ சேர்ந்து தங்கள் ஊருக்கான இணையத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளலாமா, அல்லது அது நிறுவனங்களின் வியாபாரமா என்பதுதான் கேள்வி. நான் இதைப் பல வருடமாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது சம்பந்தமில்லாத விஷயம் என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

முதலில் நம் வீட்டுக் கதை. 2008ல் அரசாங்கம் தீவு முழுவதும் புதிதாகக் கண்ணாடியிழை போட முடிவு செய்தபோது ஒரு நல்ல காரியம் செய்தது. கம்பி போடுகிறவரும் அதன் வழியாக வீட்டுக்குச் சேவை விற்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று பிரித்துவைத்தது. கம்பி போடும் பொறுப்பு ஓப்பன்நெட் கூட்டமைப்புக்குப் போனது, அதற்கு 75 கோடி வெள்ளி வரை மானியம். கம்பியில் சமிக்ஞையை ஓட்டும் இரண்டாவது அடுக்குக்கு 25 கோடி வெள்ளி வரை. மூன்றாவது அடுக்கில் யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம். 2010 செப்டம்பரில் சேவை தொடங்கியது, 2012 நடுவில் 95 விழுக்காடு வீடுகளுக்குக் கம்பி போய்விட்டது. ஓப்பன்நெட் பிறகு நெட்லிங்க் கைக்கு வந்தது. நெட்லிங்க் 2017 ஜூலையில் பங்குச் சந்தைக்குப் போனது, அதுவரை அதை முழுவதுமாக வைத்திருந்த தொலைபேசி நிறுவனம் சிங்டெல் தன் பங்கைக் கால்வாசிக்கும் கீழே குறைத்துக்கொண்டது. ஒரு வீட்டுக் கம்பிக்கு சேவை நிறுவனங்கள் மாதம் எவ்வளவு தர வேண்டும் என்பதை அரசின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் நிர்ணயிக்கிறது. தொடக்கத்தில் 15 வெள்ளி, அப்புறம் 13.80, 2024லிருந்து 13.50.

இந்த 13.50ஐத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். புக்கிட் தீமா பங்களாவுக்கும் மார்சிலிங் ஓரறை வாடகை வீட்டுக்கும் கம்பிக்கு ஒரே விலை. நியாயமான முறையில் கேட்டால் எந்த வீட்டுக்கும் கம்பி தர முடியாது என்று நெட்லிங்க் சொல்ல முடியாது, அது 2013லிருந்து சட்டப்படியான கடமை. மக்கள் சொத்து என்று இதைச் சொல்ல முடியாதுதான், பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு வணிக அறக்கட்டளை அது. ஆனால் ஒரு வாசலையும் விடக் கூடாது என்ற கட்டளை அதன் மேல் இருக்கிறது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். டென்னஸி மாநிலத்தில் சட்டனூகா என்று ஒரு ஊர். அங்கே மின்சாரம் தருவது நகரத்துக்கே சொந்தமான இபிபி என்ற வாரியம், 1930களிலிருந்து இருப்பது. மின்கம்பிகளைக் கண்காணிக்கக் கண்ணாடியிழை போடும்போது அதே கம்பியில் வீடுகளுக்கு இணையமும் கொடுத்தால் என்ன என்று கிளம்பினார்கள். பெரிய கேபிள் நிறுவனம் வழக்குப் போட்டது, தோற்றது. மத்திய அரசிடமிருந்து 11 கோடி டாலர் அளவுக்கு நிதி வந்தது. 2010ல் ஊர் முழுவதற்கும் ஒரு கிகாபிட் வேகம் தந்துவிட்டார்கள், அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் பெருநகரங்களிலேயே அது கிடையாது. புயலில் மின்தடை வந்தாலும் அந்தக் கம்பியோடு இணைந்த தானியங்கி சுவிட்சுகள் கோளாறைக் கண்டுபிடித்து வேறு பாதையில் மின்சாரத்தைத் திருப்பிவிடுகின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2020ல் அவர்கள் செய்தது. பள்ளிகள் மூடியபோது, வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 28,000 மாணவர்களின் வீடுகளுக்கு இலவச இணையம் என்று அறிவித்தார்கள். மாவட்டப் பள்ளிகளும் மின்வாரியமும் சேர்ந்து செய்த ஏற்பாடு. கம்பி ஏற்கெனவே ஊருடையது, எல்லா வீட்டு வாசலிலும் ஏற்கெனவே இருக்கிறது. கொடுக்க முடிவெடுத்தால் போதும், கொடுத்துவிடலாம். அதே வருடம் ஏப்ரலில் இங்கே வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியபோது எங்கள் மாடியில் நாலு பிள்ளைகள் இருக்கும் மலாய்க் குடும்பம் ஒன்று கைப்பேசி டேட்டாவை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. எங்கள் வைஃபை கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர்கள் கதவிடுக்கில் செருகினேன். அந்தக் கடைக்குட்டிப் பையன் எங்கள் வாசலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து கணக்குப் பாடம் படித்தது நினைவிருக்கிறது, உள்ளே போனால் அவனுக்கு சிக்னல் கிடைக்காது. இங்கேயும் அப்புறம் உதவித் திட்டங்கள் வந்தன, நல்லபடியாகவே வந்தன. ஆனால் விண்ணப்பம் போட்டு, தகுதி பார்த்து, பெட்டி வந்து சேரும்வரை அந்த முக்காலிதான்.

ஊரே கம்பியை வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. யூட்டாவில் புரோவோ நகரம் கடன் பத்திரம் மூலம் கிட்டத்தட்ட 4 கோடி டாலர் திரட்டிக் கம்பி போட்டது, நடத்தத் தெரியாமல் திணறியது, கடைசியில் 2013ல் கூகுளுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. கம்பி கைமாறிய பிறகும் கடனை ஊர்மக்கள்தான் மின்கட்டணத்தோடு மாதம் 5 டாலர் சொச்சம் சேர்த்துக் கட்டினார்கள். வரிப்பணத்தில் சூதாடாதே என்று ஒருவர் சொன்னால் புரோவோவைக் காட்டித்தான் சொல்வார். மறுக்க மாட்டேன். ஊர்ச் சொத்தை நடத்துவதற்குத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும், கணக்கைத் திறந்து வைக்க வேண்டும், முக்கியமாக ஒரு நாள் யாரோ நாலு பேர் கூடி விற்றுவிட முடியாதபடி பூட்டு இருக்க வேண்டும். நம் ஊரிலேயே பார்த்தோமே. 1970ல் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவாகத் தொடங்கிய இன்கம் காப்பீடு 2022ல் நிறுவனமாக மாறியது, 2024 ஜூலையில் அதில் பாதிக்கு மேல் ஒரு ஜெர்மன் நிறுவனம் வாங்க வந்தது. மக்கள் கொதித்தார்கள். அக்டோபரில் அரசாங்கம் அந்த வடிவத்தில் விற்க அனுமதிக்க முடியாது என்று நிறுத்தியது. என் அப்பா அதில் காப்பீடு எடுத்திருந்தவர், அந்த ஜூலை மாதம் அவர் உயிரோடு இருந்திருந்தால் கோப்பிக்கடையில் யாரையும் நிம்மதியாகத் தேநீர் குடிக்க விட்டிருக்க மாட்டார்.

எதிர்த்தவர்கள் வாதத்தோடு நிற்காமல் சட்டத்தையும் பிடித்துக்கொண்டதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். கொலராடோவில் லாங்மாண்ட் என்ற ஊரில் நகரமே இணையம் தரலாமா என்று 2011ல் வாக்கெடுப்பு வைத்தபோது, வேண்டாம் என்ற தரப்பு அந்தச் சின்ன ஊரில் 4 லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்தது. மக்கள் வேண்டும் என்றே வாக்களித்தார்கள். அங்கே மக்களிடம் கேட்கவாவது செய்தார்கள். வட கரோலினாவில் வில்சன் நகரம் முதலில் நிறுவனங்களிடம்தான் போய் எங்கள் ஊருக்கு நல்ல கம்பி போடுங்கள் என்று கேட்டது, அவர்கள் மறுத்த பிறகு 2008ல் தானே போட்டது. 2011ல் மாநிலச் சட்டமன்றம் இனி எந்த ஊரும் இப்படிச் செய்ய முடியாத அளவுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது, வில்சனும் தன் எல்லையைத் தாண்டக் கூடாது என்றது. 2015ல் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தச் சட்டத்தை ஒதுக்கிவைத்ததும், பக்கத்தில் பைன்டாப்ஸ் என்ற 1,300 பேர் வாழும் கிராமத்துக்கு வில்சன் கம்பி இழுத்தது. 2016 ஆகஸ்டில் நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. போட்ட கம்பியை, எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்க வேண்டிய நிலை. சட்டமன்றம் பிறகு தற்காலிகமாக விலக்குக் கொடுத்தது. ஒரு கிராமத்தின் வெளிச்சம் எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதை எங்கோ இருக்கிறவர்கள் தீர்மானித்தார்கள். சட்டனூகாவிலும் அதே கதைதான். மின்வாரிய எல்லைக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கெஞ்சினாலும் கொடுக்க முடியாது, மாநிலச் சட்டம் விடாது.

இவற்றையெல்லாம் படித்துப் படித்து, கம்பி ஊர்க்காரர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது. அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் என் அண்ணன், பெரியம்மா மகன்.

அண்ணன் இருப்பது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தொண்ணூறுகளில் மாடியில் டிஷ் வைத்து கேபிள் டிவி தொழில் தொடங்கினார். 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது தொழில் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள், அவர் அதிலேயே சேர்ந்து ஓட்டினார். அப்புறம் அதே தெருக்களில் அதே போஸ்ட்டுகளில் கண்ணாடியிழை இழுத்து இணையம் கொடுக்க ஆரம்பித்தார். மொத்தமாக அலைவரிசை வாங்கி ஊருக்குள் பிரித்துக் கொடுக்கிறார், இருநூற்றுச் சொச்சம் இணைப்பு. கேரளாவில் இவரைப் போன்ற ஆயிரக்கணக்கான சின்ன கேபிள்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து கேரளாவிஷன் என்று தங்களுக்கே ஒரு நிறுவனம் வைத்துக்கொண்டு பெரிய நிறுவனங்களோடு சரிக்குச் சரியாக நிற்கிறார்கள். அந்த மாதிரி தமிழ்நாட்டிலும் வர வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. அண்ணனின் கம்பி முழுக்கத் தரையில். ஊரில் மின்சாரம் வரவே வாரங்கள் ஆயின. நான் டிசம்பரில் போனபோது பார்த்தேன், அவரும் இரண்டு பையன்களும் விழுந்த தென்னைகளுக்கு அடியிலிருந்து கம்பியை இழுத்தெடுத்து, சேற்றைத் துணியால் துடைத்து, பிழைத்த நீளங்களை வளையம் வளையமாகச் சுருட்டி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒட்டும் இயந்திரத்தைத் தஞ்சாவூரில் நாள் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார், ஜெனரேட்டர் போட்டு ராத்திரியும் வேலை. புதுப் போஸ்ட் வராத இடத்தில் சவுக்குக் கழி நட்டுக் கட்டினார். கைப்பேசிக் கோபுரம் சரியாவதற்கு முன்னால் அவர் கம்பியில் ஊருக்கு இணையம் வந்துவிட்டது. நிவாரணப் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பார்க்க அவர் வீட்டுத் திண்ணையில் வரிசை நின்றது. அந்த மாதம் யாரிடமும் அவர் பணம் வாங்கவில்லை. "எங்க போகப் போறேன், பாப்பா. காலையில எந்திரிச்சா இவங்க மூஞ்சியிலதான முழிக்கணும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நான் எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயரில் 2011ல் பி4ஆர்என் என்ற சங்கத்தைத் தொடங்கிய விவசாயிகள் தங்கள் வயலில் தாங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள், நில உரிமைக்குக் காசு கேட்கவில்லை, மாதம் 30 பவுண்டுக்கு ஒரு கிகாபிட் கொடுத்தார்கள். அவர்களும் என் அண்ணனும் ஒரே ஜாதி மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அப்போது யோசிக்காமல்தான் பயன்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் துவாஸ் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறோம். போன அக்டோபரில் வகுப்பில் ஒரு தம்பி, கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறவர், சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். ஒவ்வொரு வாரமும் வகுப்பு முடியும் முன்பே எழுந்து போய்விடுவார். ஏன் என்று கேட்டேன். ஊரில் அந்த நேரத்தில்தான் அவர் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெயின்ரோட்டில் பால் சொசைட்டி வரைக்கும் நடந்து வருவாராம், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். இவருக்கும் அறையில் வைஃபை எட்டாது, கட்டில் கடைசி மூலையில், ராத்திரி எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது அது இருந்தும் ஒன்றுதான். மாடிப்படியில் போய் உட்கார்ந்து, ப்ரீபெய்டு டேட்டா போட்டுப் பேசுகிறார்.

நான் ஆர்வமாக, "உங்க ஊர்ல கேபிள்காரர் நெட் குடுக்கலையா தம்பி, எங்க அண்ணன்கூடப் பக்கத்துலதான், அவரு ஊர் முழுக்கக் குடுக்குறாரே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எங்க ஊர்லயும் குடுக்குறாங்கக்கா. அது ஊர்த்தெருவோட நின்னுரும். நாங்க காலனி."

அன்று வீட்டுக்கு வரும் பேருந்தில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அண்ணன் ஊரிலும் காலனி இருக்கிறது. நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போன ஊர். கஜாவுக்குப் பிறகு திண்ணையில் நின்ற வரிசையை அத்தனை நுணுக்கமாக நினைவில் வைத்திருக்கிறேனே, அந்த வரிசையில் காலனிக்காரர் ஒருவராவது இருந்தாரா என்று யோசித்தால் நினைவில்லை. இல்லை, நினைவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. நான் அன்றைக்கே அதைப் பார்க்கவில்லை.

ராத்திரி அண்ணனைக் கூப்பிட்டேன். காலனித் தெருவுக்குக் கம்பி போகிறதா என்று நேராகவே கேட்டேன். முதலில் போஸ்ட் இல்லை என்றார். அப்புறம், கேட்டவர்கள் ஏழெட்டு வீடுதான், கட்டுபடியாகாது என்றார். போஸ்ட்டுக்கு ஆகும் செலவை நான் அனுப்புகிறேன் என்றேன். கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "காசு இல்ல பாப்பா விஷயம். அந்த லைன் கொண்டுபோகணும்னா நம்ம தெரு போஸ்ட்லேர்ந்துதான் எடுக்கணும். நாலு பேரு கேப்பாங்க" என்றார். காலையில் எழுந்து யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்று அவர் சொன்ன அதே ஆட்கள்தான் அந்த நாலு பேரும்.

மக்கள் சொத்து, சமூகத்தின் சொத்து, ஊர்ச் சொத்து என்று நாம் சொல்லும்போது அந்த ஊருக்குள் யாரெல்லாம் சேர்த்தி என்று கேட்காமல் இந்த விவாதத்தில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். நம் ஊர்களில் குளமும் பொதுதான், கோயிலும் பொதுதான், சுடுகாடும் பொதுதான். அந்தப் பொதுவில் யார் கால் வைக்கலாம் என்பதற்கு எத்தனை பேர் அடிபட்டிருக்கிறார்கள். கண்ணாடியிழை புதுசாக வந்தது என்பதற்காக அது வேறு மாதிரி நடந்துகொள்ளாது, பழைய தெருவின் வழியாகத்தானே அதுவும் போகிறது. ஊர்க்காரர் நடத்தினால் புயலில் கைவிட மாட்டார், உண்மைதான், என் கண்ணால் பார்த்தேன். அதே ஊர்க்காரரால்தான் ஒரு தெருவை இருபத்தைந்து வருடம் பார்க்காமலும் இருக்க முடிகிறது. தூரத்தில் இருக்கும் நிறுவனம் லாபம் இல்லை என்று ஒரு கிராமத்தை விடும், பக்கத்தில் இருப்பவர் நாலு பேர் கேட்பார்கள் என்று ஒரு தெருவை விடுவார்.

அதனால் எனக்கு இப்போது இரண்டும் வேண்டும். கம்பி ஊருடையதாக இருக்கட்டும், கூட்டுறவோ ஊராட்சியோ, ஆளுக்கு ஒரு வாக்கு. கூடவே, ஒரு வாசலை விட்டாலும் குற்றம் என்று மேலிருந்து ஒரு சட்டமும் இருக்கட்டும், நம் ஆணையம் இங்கே வைத்திருப்பது போல. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கம்பி கொண்டுபோகும் அரசுத் திட்டம் நடக்கிறது. ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், அங்கே வந்து நின்றால் அது எந்தத் தெருவோடு நிற்கும் என்பது தெரிந்துவிடும். கேரளாவில் 2023 ஜூனில் மாநில அரசு கேஃபோன் என்ற தன் இணையத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் கட்டமாக 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு, தொகுதிக்கு நூறு வீதம், இலவச இணைப்பு என்றார்கள். வேகமாக நடக்கவில்லை என்று குறை சொல்கிறார்கள், சொல்லட்டும். ஏழை வீட்டு வாசலிலிருந்து எண்ணத் தொடங்கியது எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கேயும் எண்ண வேண்டியது இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே விலை என்று மேலே பெருமையாக எழுதினேன். ஆனால் விடுதியின் கடைசி மூலைக் கட்டில் வீடு என்ற கணக்கில் வராது. நம்மைப் போல இரண்டு வருட ஒப்பந்தம் போட்டு வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ள அந்தத் தம்பியால் முடியாது, வைஃபை எப்படி இருக்கும் என்பது விடுதி நடத்துகிறவர் கையில். 2020ல் விடுதிகளைப் பூட்டியபோது, வாரக்கணக்கில் அறைக்குள்ளேயே இருந்தவர்களுக்கு வீட்டு முகம் பார்க்க அந்தச் சின்னத் திரை ஒன்றுதான் இருந்தது, அதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். 2021ல் புதிய விடுதிகளுக்கு வந்த தரநிலையில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்பதோடு வைஃபையும் சேர்ந்தது. நல்லது. ஆனால் இந்தத் தீவில் வேலை செய்கிற எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் வேண்டும், பழைய விடுதிக்கும் சேர்த்து. ராத்திரி ஒன்பது மணிக்கு, கடைசிக் கட்டிலில், ஒரு வீடியோ அழைப்பு நிற்காமல் ஓட வேண்டும். அந்த விடுதி ஊழியர்களில் நாலு பேர் உட்கார்ந்து சேவை எப்படி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை கேள்வி கேட்கும் குழு வேண்டும். கூட்டுறவுக்கான முதல் படி அதுவாகத்தான் இருக்க முடியும். 1973ல் அரிசி விலையைச் சமாளிக்க தோ பாயோவில் தொழிற்சங்கம் கூட்டுறவுக் கடை திறந்த ஊர் இது, இதுவும் முடியும்.

வகுப்பில் இருக்கும் இருபத்து மூன்று பேரும் அவரவர் அறை, கட்டில், இரவு எத்தனை மணிக்கு அழைப்பு நிற்கிறது என்று மூன்று வாரமாக எழுதி வருகிறார்கள். ஆங்கிலப் பயிற்சியாகவும் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு எங்கள் தொகுதி மக்கள் சந்திப்புக்கு அடுத்த வாரம் போகிறேன். துவாஸ் என் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி கிடையாது, அங்கே தங்கியிருப்பவர்களுக்கு வாக்கும் கிடையாது, எனக்கு இருக்கிறது.

அண்ணனோடு இரண்டு மாதம் பேச்சில்லை. போன வெள்ளிக்கிழமை அண்ணன் மகன் குரல் செய்தி அனுப்பியிருந்தான், பட்டுக்கோட்டையில் கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறான். பின்னால் வண்டிச் சத்தமும் நாய் குரைப்பும் கேட்டது. "அத்தை, நம்ம கடைசி போஸ்ட்லேர்ந்து காலனி மொத வீடு வரைக்கும் போன்ல அளந்துட்டேன். 420 மீட்டர். நடுவுல ஏழு போஸ்ட் வேணும். மொத்தம் 41 வீடு, அதுல 33 வீட்டுல வேணும்ங்கிறாங்க, எழுதி வாங்கிட்டேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. நைட்டு சாப்பிடும்போது சொல்லலாம்னு இருக்கேன், நீங்க அந்த நேரத்துல லைன்ல இருங்க."